வேகத்துக்கு விலை கொடுக்குமுன்

ஆழமறியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. வாவிக்கரையில் வாழும் நமக்கு இதற்கு உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. வாவியின் மேற்பரப்பு எங்கும் ஒன்றுபோலவே விளங்கும். பள்ளம் எது, சேறு எது, கால்கொள்ளும் மணல் எது என்பது இறங்கிப் பழகியவர்க்கே தெரியும். கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னே நின்று பளபளக்கும் பொருள்களுட் பலவும் இத்தகையனவே.

அத்தகைய பொருள்களுள் ஒன்றை இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம். அதிவேக மின்சார மோட்டார் வண்டியே அது. 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்று இளைஞர் ஆவலோடு பெயர் சொல்லும் இவ்வண்டி, பார்வைக்கு நான்கு கதவும் ஐந்து ஆசனமும் கொண்ட குடும்ப வண்டி. பாய்ச்சலிலோ பந்தயக் குதிரை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று நேயர் சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் அநுமதிக்கப்பட்டது. ஐந்தாண்டு அடைத்திருந்த கதவு திறந்ததும் உள்ளே வந்தவற்றுள் மின்சார வண்டிகள் கணிசமானவை. 2022இல் பெற்றோல் நிலையங்களின் முன்னே இரவுபகலாய் வரிசையில் நின்ற நினைவு நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. ஆதலின் எண்ணெய் வேண்டாத வண்டி என்ற சொல் செவிக்கு இனிக்கின்றது. கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும், ஓய்வு பெறும் தந்தையின் கைக்கு வரும் பணமும் இத்தகைய வண்டியாக உருமாறி முற்றத்தில் வந்து நிற்கலாம். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே கையொப்பத்தில் கைமாறும் காரியம் இது. ஆகவே சற்று நின்று சிந்தித்தல் நன்று.

பாய்ச்சல் எங்கிருந்து வருகின்றது?

மின்சார வண்டியின் வேகம் நேற்றுப் பிறந்ததன்று. 1899 ஏப்பிரில் 29ஆம் நாள், பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னுமிடத்தில், பெல்ஜியம் நாட்டவரான கமீல் ஜெனாற்சி என்பவர் மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டியைச் செலுத்தினார். வீதி வண்டிகளுள் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் வண்டி அதுவே. அது பெற்றோலில் ஓடவில்லை; மின்கலத்தின் வலுவில் ஓடிற்று என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. பின்னர் எண்ணெய் வெற்றி கொண்டதற்குக் காரணம், அக்காலத்து மின்கலங்கள் பாரம் மிகுந்தும் கொள்ளளவு குறைந்தும் இருந்தமையே. 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயன் மின்கலம் அந்நிலையை மாற்றிற்று. 2008இல் டெஸ்லா ரோட்ஸ்ரர், 2012இல் டெஸ்லா மொடல் எஸ், 2019இல் போர்ஷே ரைக்கான் எனப் பந்தய இயல்புடைய மின்சார வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இன்று சீன நாட்டு நிறுவனங்கள் அவற்றோடு போட்டியிடுகின்றன.

பெற்றோல் எந்திரம் தன் முழு வலுவைக் காட்டுவதற்கு முதலில் வேகமாகச் சுழலவேண்டும், கியரும் மாறவேண்டும். மின்சார மோட்டாரோ ஓய்விலிருந்து புறப்படும் அக்கணத்திலேயே தன் முழுத் திருப்புவிசையையும் சில்லுக்குக் கொடுத்துவிடும். மிதிபலகையிற் கால் பட்டவுடன் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொள்வதன் இரகசியம் இதுவே. ஆகவே பாய்ச்சல் என்பது மின்சார வண்டிக்கு இயல்பாகவே அமைந்த குணம். விற்பவர் அதனை அரும்பொருள்போல் எடுத்துக்காட்டும்போது நாம் இதனை மறந்துவிடலாகாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2024இல் இலங்கைச் சந்தையில் முறையாக அடியெடுத்து வைத்த பி.வை.டி. என்னும் சீன நிறுவனம் 'சீல்' என்ற பெயரில் இவ்வகை வண்டியொன்றைச் செய்கின்றது. உலகச் சந்தைக்கான சீல் வண்டிகளுள் இரண்டை ஒப்பிடுவோம். இரண்டிலும் உள்ளது 82.5 கிலோவாற்று மணி கொள்ளும் ஒரே மின்கலத் தொகுதி. பின்சில்லுகளை மட்டும் இயக்கும் வண்டியின் மோட்டார் வலு 230 கிலோவாற்று. ஓய்விலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அது 5.9 விநாடியில் எட்டும். ஒரு முழு மின்னேற்றத்தில், ஐரோப்பாவிற் பயன்படும் சோதனை முறைப்படி, 570 கிலோமீற்றர் ஓடும். நான்கு சில்லுகளையும் இயக்கும் மற்றைய வண்டியின் வலு 390 கிலோவாற்று. அது 100 கிலோமீற்றர் வேகத்தை 3.8 விநாடியில் எட்டும். ஆனால் 520 கிலோமீற்றரே ஓடும். அதாவது, கூடுதலான பணம் கொடுத்து வாங்குபவர் இரண்டு விநாடியைப் பெற்று ஐம்பது கிலோமீற்றரை இழக்கின்றார். இந்த இரண்டு விநாடி நம் வீதிகளில் எதற்குப் பயன்படும் என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

நம் வீதியின் அளவு

இலங்கைச் சட்டப்படி மோட்டார் காருக்கு ஊர்மனைகளுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும், அவற்றுக்கு வெளியே 70 கிலோமீற்றருமே வேக எல்லை. அதிவேக நெடுஞ்சாலையில் 100. கிழக்கு மாகாணத்திலோ அதிவேக நெடுஞ்சாலை இல்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியை எண்ணிப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் வழி அது. பாடசாலை விட்ட பிள்ளைகளும், சைக்கிளில் மீன்பெட்டி கட்டிச் செல்வோரும், பட்டிக்குத் திரும்பும் மாடுகளும் ஒருங்கே பயன்படுத்தும் வீதி அது. படுவான்கரைப் பக்கமோ கிரவல் வீதிகளும் தாம்போதிகளும் வண்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்.

வேகத்தின் கணக்கை மாணவர்கள் பௌதிக பாடத்திற் கற்றிருப்பார்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 19 மீற்றர் கடந்துவிடும். எதிரே தடை கண்டு நம் கால் தடுப்புக்குத் தாவுவதற்குள் அத்தூரம் கழிந்துபோகும். வேகம் இருமடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். சீல் வண்டியின் நான்கு சில்லு இயக்க வகை ஏறத்தாழ 2,200 கிலோகிராம் நிறையுடையது. அவ்வளவு பாரம் அவ்வளவு விரைவில் ஓசையின்றிப் பாயும்போது, எந்திர ஒலியைக் கேட்டே ஒதுங்கிப் பழகிய முதியவருக்கும் குழந்தைக்கும் முன்னறிவிப்பு எதுவும் இராது. இக்குறை கருதியே மின்சார வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்பவேண்டுமென்று ஐரோப்பிய நாடுகள் 2019 முதல் புதிய வகை வண்டிகளுக்கு விதி செய்தன. வாங்கும் வண்டியில் அவ்வொலிக்கருவி உண்டா, அது இயங்குகின்றதா என்பதைப் பாருங்கள்.

இருபது வயது மகனின் கையிற் சாவியைக் கொடுக்கும் தந்தைமார்க்கு ஒரு வார்த்தை. வண்டியின் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் ஓட்டமுறைகள் பெரும்பாலும் இவ்வண்டிகளில் உண்டு. முதல் ஆறு மாதமாவது மென்மையான ஓட்டமுறையிலேயே பழக்குங்கள். மோட்டார் சைக்கிளிற் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறான விலங்கு.

விலையுயர்ந்த உறுப்பு எது?

மின்சார வண்டியில் நாம் உண்மையில் வாங்குவது மின்கலத் தொகுதியையே. பற்றரி என்று வழக்கிற் சொல்லும் அதுவே வண்டியின் உறுப்புகளுள் மிக விலையுயர்ந்தது. காலத்தோடு தேய்வதும் அதுவே. அதில் இருவகை பெருவழக்காகும். நிக்கல், மங்கனீசு, கோபாற்று ஆகியவை சேர்ந்தது ஒன்று. லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று மற்றொன்று. முன்னையது குறைந்த பாரத்தில் மிகுந்த சக்தியைக் கொள்ளும். பின்னையது சற்றுப் பாரமானது. ஆயினும் வெப்பத்தால் தீப்பற்றும் அபாயம் குறைந்தது, நீண்டகாலம் உழைப்பது. முன்னைய வகையை நாள்தோறும் எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பாதிருத்தல் நலம். பின்னையதை இடையிடையே முழுமையாக நிரப்பலாம். வண்டியில் எவ்வகை இருக்கின்றது என்பதைக் கேளாமல் முற்பணம் கொடுப்பது பசுவின் பல்லைப் பாராமல் விலை பேசுவதை ஒக்கும்.

நம் வெயிலையும் கணக்கிற் கொள்ளவேண்டும். நிசான் லீவ் என்னும் மின்சார வண்டி 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் இலங்கையிலும் பலர் வாங்கினர். அதன் மின்கலத் தொகுதிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரத்தவர், கடும் வெப்பத்தால் மின்கலத்தின் கொள்ளளவு விரைந்து குறைவதாக 2012இலேயே முறையிட்டனர். அதிவேக வண்டியின் மின்கலம் பாயும்போதும் விரைவாக மின்னேற்றும்போதும் மேலும் சூடாகும். ஆகவே அதற்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்று வினவுங்கள். பழைய வண்டியாயின், மின்கலத்தின் எஞ்சிய ஆரோக்கியம் எத்தனை வீதம் என்பதைக் கருவிகொண்டு அளந்த அறிக்கையைக் கேளுங்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணிலும் அவ்வீதமே முக்கியம்.

வீட்டுக் கம்பி தாங்குமா?

நம் இல்லங்களுட் பலவற்றுக்கு 230 வோல்ற்றில் 30 அம்பியர் ஒருமுனை இணைப்பே கிடைத்துள்ளது. அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 6.9 கிலோவாற்று. வண்டியோடு விற்கப்படும் சுவர் மின்னேற்றியோ 32 அம்பியர் வரை இழுக்கவல்லது. குளிர்சாதனமும் நீரிறைக்கும் மோட்டாரும் கூடவே ஓடினால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒன்றில் மின்னேற்றியின் அம்பியரைக் குறைத்து அமைக்கவேண்டும். அல்லது பெரிய இணைப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும். சாதாரண 13 அம்பியர் துளையிற் செருகி 82.5 கிலோவாற்று மணியை நிரப்புவதற்கு ஒரு பகலும் ஓரிரவும் போதா. மணிக்கணக்காக முழு வலுவை இழுத்தால் பழைய துளை உருகுவதும் உண்டு. மின்னேற்றிக்கெனத் தனிக்கம்பி, தனி ட்ரிப் சுவிச்சு, செம்மையான நிலத்தொடுப்பு ஆகியவை இன்றியமையாதவை. உப்பீரம் மிகுந்த கரையோர மண்ணில் நிலத்தொடுப்புக் கம்பி அரிக்கப்பட்டிருக்கலாம். அதனைத் தகுதி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு அளந்து பார்க்கவேண்டும்.

இதற்காக அஞ்சவேண்டியதுமில்லை. நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு ஒன்பது அல்லது பத்து அலகு மின்சாரம் போதும். நேரத்துக்கேற்ற கட்டணமுறையைத் தேர்ந்தவர்க்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை கட்டணம் குறைவு. அந்த ஏழு மணி நேரத்தில், மணிக்கு ஐந்து அலகு வீதம் ஏற்றினாலும் முப்பத்தைந்து அலகு சேரும். அதுவே மூன்று நாள் ஓட்டத்துக்கு மிகையாகும். கூரையிற் சூரிய மின்தகடு உடையோர் பகலில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சேமிப்பு மின்கலம் இல்லாத சாதாரணச் சூரிய இணைப்பு, பொது மின்சாரம் தடைப்பட்டவுடன் தானும் நின்றுவிடும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதையும் மறக்கலாகாது.

கொழும்புப் பயணம் வேறு கணக்கு. பொலன்னறுவை, ஹபரணை வழியாக அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். விளம்பரத்திற் கூறும் 520இல் குளிரூட்டலுக்கும் வெயிலுக்கும் விரைவுக்குமாகக் காற்பங்கைக் கழித்துவிடுங்கள், 390 எஞ்சும். போய்ச்சேரலாம், திரும்புவதற்கு மின்னேற்றியே ஆகவேண்டும். வழியிலுள்ள விரைவு மின்னேற்று நிலையம் ஐம்பது கிலோவாற்று வலுவுடையதாயின், அரைப்பங்கு நிரப்புவதற்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும். நிலையம் இயங்குகின்றதா, செருகி பொருந்துமா என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியிற் கேட்டறிவது நலம். ஹபரணைக் காட்டுவழியில் யானை நிற்கும் இரவில் மின்கலத்தின் கடைசிப் பத்து வீதத்தை நம்பிக்கொண்டிருத்தல் தகாது.

வெள்ளமும் உப்பும்

மட்டக்களப்பார்க்கு நீரைப் பற்றிக் கற்பிக்கவேண்டியதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியை முதியோர் அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் நடுவயதினர் அறிவர். மாரி பிறந்தால் கிட்டங்கித் தாம்போதியில் நீர் ஏறுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. மின்கலத் தொகுதி வண்டியின் அடித்தளத்திலே கிடக்கின்றது. அது நீர் புகாவண்ணம் மூடப்பட்டிருப்பினும், அக்காப்பு சிறிது நேரம் நீரிற் பட்டாற் பொறுப்பதற்கேயன்றி நீந்துவதற்கன்று.

நன்னீரினும் உப்புநீர் கொடிது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மூடியினுள் புகுந்து காய்ந்தபின்னும் உப்பு அங்கே தங்கிக் குறுக்கு மின்னோட்டத்துக்கு வழி செய்யும். 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை இயன் என்னும் புயல் தாக்கிக் கடல்நீர் ஊர்களுட் புகுந்தது. அதில் மூழ்கிய மின்சார வண்டிகளுட் சில, நீர் வடிந்து நாட்கள் கழிந்தபின் தாமாகவே தீப்பற்றின. வாவிக்கரையிலும் கடற்கரையிலும் வாழ்வோர் இதனை உள்ளத்திற் பதித்துக்கொள்க. வெள்ள எச்சரிக்கை வந்தால் வண்டியை முன்கூட்டியே மேட்டுநிலத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மூழ்கியிருந்தால் அதனை இயக்கிப் பார்க்கவும் வேண்டாம், மின்னேற்றவும் வேண்டாம். வீட்டிலிருந்து பதினைந்து மீற்றருக்கு அப்பால், திறந்த வெளியில் விட்டுவிட்டுத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். கைப்பிடி உள்ளொடுங்கிய கதவுகளில் மின்சாரம் அற்றபோது உள்ளிருந்து திறக்கும் நெம்பு எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள சிறுவர்வரை அனைவரும் தெரிந்திருக்கவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளச் சேதமும் மின்கலமும் அடங்குமா என்று எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.

பத்திரங்களைப் படியுங்கள்

இலங்கையில் மின்சார வண்டியின் உற்பத்தித் தீர்வை, மோட்டாரின் கிலோவாற்றுக் கணக்கிலே அறவிடப்படுகின்றது. வலு கூடக்கூடக் கிலோவாற்று ஒன்றுக்குரிய வீதமும் உயர்கின்றது. இதன்மேல் பெறுமதிசேர் வரியும், விலை மிகுந்த வண்டிக்கு ஆடம்பர வரியும் உண்டு. ஆகவே பாய்ச்சலை வாங்குபவர் தீர்வையையும் சேர்த்தே வாங்குகின்றார். 2025இல் இறக்குமதியான சில மின்சார வண்டிகளின் மோட்டார் வலு எவ்வளவு என்பது குறித்துச் சுங்கத்துக்கும் இறக்குமதியாளர்க்கும் இடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. உங்கள் பத்திரங்களிலுள்ள கிலோவாற்றும் தயாரித்தவர் கூறும் கிலோவாற்றும் ஒன்றுதானா என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகவரல்லாத இறக்குமதியாளர் வழியாக வரும் வண்டி சற்று மலிவாக இருக்கலாம். ஆனால் சீன உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த வண்டியின் மின்னேற்றத் துளை, இங்குள்ள நிலையங்களின் செருகிக்குப் பொருந்தாதிருக்கலாம். திரையிற் சீன எழுத்தே தோன்றலாம். சீனச் சோதனை முறையிற் கூறப்படும் தூரமும் ஐரோப்பிய முறையிற் கிடைப்பதிலும் பெரிதாகவே இருக்கும். மின்கலத்துக்குப் பொதுவாக எட்டாண்டு உத்தரவாதம் கூறுவார்கள். அதனை இங்கு நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது, பழுது பார்க்கும் நிலையம் கொழும்பிலா கிழக்கிலா, அகன்ற ரயர் ஒன்று வெடித்தால் எத்தனை நாளிற் கிடைக்கும் என்பவை வாய்மொழியாகக் கேட்டு மகிழ்வதற்குரியவையல்ல, எழுத்திற் பெறவேண்டியவை.

இவ்வண்டிகளை வேண்டாமென்று நாம் கூறவில்லை. புகையின்றி, ஓசையின்றி, நம் கூரையில் விழும் வெயிலையே உணவாகக் கொண்டு ஓடக்கூடிய வண்டி போற்றத்தக்கதே. வேகத்தை மட்டும் கண்டு வாங்குதலையே மறுக்கின்றோம். ஒரே மின்கலம் கொண்ட இரு வண்டிகளுள் வலு குறைந்ததைத் தேர்ந்தவர், தீர்வையிலும் மிச்சம் காண்பார். தூரத்திலும் மிச்சம் காண்பார். அந்த மிச்சத்தில் வீட்டு மின்கம்பியைச் சீர்செய்யலாம், நல்ல ரயர் வாங்கலாம், பிள்ளைகளின் கல்விக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். முற்பணம் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை, தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விற்பனையாளரின் விடையைக் கையொப்பத்தோடு பெறுங்கள். விடையளிக்கத் தயங்குபவரிடம் வண்டி வாங்காதீர்கள்.